தள்ளுவண்டியில் வரும் மதியச் சாப்பாடும் ஜெனிவாவில் விழுந்த வாக்கும்

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு முன்னர் போய்ச் சேராவிட்டால் மேசை கிடைக்காது. இலக்கச் சீட்டை வாங்கிக்கொண்டு வாசலில் நிற்க வேண்டியதுதான். வெஸ்ட்மீட்டில் குடியிருக்கும் நாம் மூன்று குடும்பங்கள், மாதத்தில் ஒருநாள் இப்படிக் காத்து நின்று யம்சா சாப்பிடுவதைப் பல வருடங்களாக வழக்கமாக வைத்திருக்கிறோம். மற்ற நாடுகளில் டிம்சம் என்று சொல்லப்படுவதை அவுஸ்திரேலியாவில் யம்சா என்றே சொல்கிறார்கள். கன்ரனீஸ் மொழியில் அதன் பொருள் தேத்தண்ணி குடிப்பது, அவ்வளவுதான். தேத்தண்ணிக்குத் துணையாக வரும் சிறு தின்பண்டங்கள்தான் டிம்சம்.

கடந்த முறை எம்மோடு ஒரு பெரியவரும் வந்திருந்தார். யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே மகளோடு இருக்கிறார். வாசலிலேயே நின்றுவிட்டார். "ஜெனிவாவிலை எங்களுக்கு எதிராக் கையைத் தூக்கினவன்ரை கடையிலையோ பிள்ளையள் சாப்பிடப் போறியள்?" என்று கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். எமக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னது பொய்யில்லையே.

2009 மே மாத இறுதியில், முள்ளிவாய்க்காலில் புகை அடங்கும் முன்னரே, ஐ.நா. மனித உரிமைகள் பேரவை ஒரு சிறப்பு அமர்வைக் கூட்டி, இலங்கை அரசைப் பாராட்டும் தீர்மானத்தை 29 வாக்குகளால் நிறைவேற்றியது. அந்த 29இல் சீனாவும் ஒன்று. அதன் பின்னர் 2012, 2014, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் இலங்கை குறித்து வந்த தீர்மானங்கள் ஒவ்வொன்றையும் சீனா எதிர்த்து வாக்களித்தது. 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 வருடக் குத்தகைக்குப் போனது. 2021இன் தொடக்கத்தில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின்திட்டம் சீன நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டு, இந்தியாவின் எதிர்ப்பால் நின்றுபோனது. அதே ஆண்டு டிசம்பரில் சீனத் தூதுவர் வேட்டி கட்டி நல்லூர்க் கந்தனைக் கும்பிட்டுவிட்டுப் போனார். இவ்வளவும் எமது மக்களுக்கு மனப்பாடம். பெரியவர் வாசலில் கால் தயங்கியதில் வியப்பில்லை.

ஆனால் ஒன்றை அவருக்கு நினைவூட்டினோம். 2009இல் அந்த 29 வாக்குகளில் இந்தியாவினதும் இருந்தது. 2014இலும் 2021இலும் 2022இலும் இந்தியா எந்தப் பக்கமும் நிற்காமல் ஒதுங்கிக்கொண்டது. அதற்காக வென்ற்வேர்த்வில்லில் தோசைக் கடைக்குப் போகாமல் விட்டோமா? பெரியவர் ஒரு கணம் யோசித்தார். "அது வேறை கதை" என்றார். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

சீன அரசு வேறு, சீனர் வேறு என்று சொல்வது இலேசு. அந்த வேறுபாடு தள்ளுவண்டியைத் தள்ளிவரும் கைகளைப் பார்க்கும்போதுதான் புரியும். சிட்னியின் மேற்குப் பகுதிச் சீன உணவகங்களில் பெய்ஜிங்கின் ஆட்களைத் தேடினால் ஏமாந்துதான் போவோம். இந்த உணவே கன்ரன் மாநிலத்தினதும் ஹொங்கொங்கினதும் உணவு. எமக்குப் பல வருடமாகப் பழக்கமான வண்டிக்கார அம்மா வியட்நாமில் பிறந்த சீனர். சைகோன் விழுந்த பின்னர், சிறுமியாக, படகேறி வந்தவர். எங்கள் பிள்ளை ஒருவர் "நீங்களும் படகிலையா வந்தனீங்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டபோது, அவர் கையால் அலையைக் காட்டினார். அலையைக் காட்ட மொழி தேவைப்படவில்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். பெரியவரின் முதல் கேள்வி எதிர்பார்த்ததுதான்: "இது மாடோ, பண்டியோ?" யம்சாவில் பன்றி இல்லாத பண்டம் தேடுவது கடினம். சியூமாய் என்பது பன்றியும் இறாலும் சேர்ந்தது. முள்ளங்கிப் பணியாரம் பார்வைக்கு மரக்கறிபோல இருக்கும்; உள்ளே சீனத்துச் சொசேஜும் காய்ந்த இறாலும் ஒளிந்திருக்கும். விரதகாரர் கேட்டுத்தான் தொடவேண்டும். ஹார்காவ் என்ற இறால் கொழுக்கட்டையின் மேல்மா கோதுமை மாப்பொருளில் செய்வது; அவித்தால் கண்ணாடிபோல உள்ளே இருக்கும் இறால் தெரியும். நல்ல கைகாரர் அதன் விளிம்பில் ஏழு மடிப்புக்குக் குறையாமல் வைப்பார். எமது அம்மாமார் கொழுக்கட்டைக்குப் பல்லுப் பிடிக்கும் அதே வேலை, இன்னும் மெல்லிய மாவில்.

பெரியவருக்குப் பிடித்தது ச்சொங்ஃபன். அரிசிமாவைக் கரைத்து, தட்டில் மெல்லிதாக ஊற்றி, ஆவியில் அவித்துச் சுருட்டியது. இடியப்பத்தைப் பிழியாமல் விரித்துவிட்டால் இப்படித்தான் இருக்கும் என்றார். எள்ளுருண்டையைக் கடித்தபோது உள்ளே இனிப்பான விழுது வந்தது. "இது எங்கடை மோதகம்தானே, எண்ணெயிலை விழுந்து எள்ளிலை உருண்டிருக்கு" என்று தீர்ப்பளித்தார். கோழிப் பாதத்தை மட்டும் அவர் தொடவில்லை. அதைப் பொரித்து, ஊறவைத்து, பிறகு அவித்து, எலும்பில் இருந்து தோல் தானாகக் கழரும் பதத்துக்குக் கொண்டுவர எவ்வளவு நேரம் போகிறது என்று தெரிந்தால் தொட்டிருப்பாரோ என்னவோ.

தேத்தண்ணிக் கேத்தலின் மூடியைச் சரித்து வைத்தால் வெந்நீர் வேண்டும் என்று அர்த்தம். ஊற்றுபவருக்கு இரண்டு விரலால் மேசையைத் தட்டினால் நன்றி. மாறுவேடத்தில் போன கியான்லோங் பேரரசர் தன் பரிவாரத்துக்குத் தானே தேநீர் ஊற்றினாராம். விழுந்து கும்பிட்டால் வேடம் கலைந்துவிடும் என்று அவர்கள் விரல்களை மடித்துக் கும்பிட்டார்களாம். கதைதான், ஆனால் நல்ல கதை.

சீனச் சுவை எமக்குப் புதிதும் அல்ல. சீனி என்ற சொல்லையே அவர்களிடமிருந்து எடுத்தவர்கள் நாம். சீனச்சட்டியும் சீனவெடியும் எமது வீடுகளில் இருந்தவை. கொழும்பில் வாழ்ந்தவர்களுக்குச் சைனீஸ் ரோல்ஸ் தெரியும். சீனாவில் யாரும் அதை அடையாளம் காணமாட்டார்கள். இன்னும் பின்னே போனால், 1409ஆம் ஆண்டு திகதியிட்டு, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே காலியில் நிறுத்திய கல்வெட்டு இருக்கிறது. அதில் மூன்று மொழிகள்: சீனம், பாரசீகம், தமிழ். தமிழ்ப் பகுதி தென்னவரை நாயனாருக்குக் காணிக்கை சொல்கிறது. 1911இல் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கல் இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. தமிழும் சீனமும் ஒரே கல்லில் நின்றதை மறைத்துவிட்டு இலங்கை வரலாறு எழுதுபவர்களுக்கு இந்தக் கல் ஒரு தொந்தரவு.

அவுஸ்திரேலியாவில் சீனருக்கு நடந்ததை எம்மவர் அதிகம் படிப்பதில்லை. 1860-61இல் நியூ சவுத் வேல்ஸ் லாம்பிங் ஃபிளாட் தங்க வயல்களில் சீனரை அடித்து விரட்டினார்கள். 1901இல் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வருபவருக்கு ஏதோ ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்கள் சொல்லெழுதுதல். அதிகாரி நினைத்தால் எவரும் தோற்பர். அந்தச் சோதனை 1958வரை சட்டத்தில் இருந்தது. வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கை முற்றாக ஒழிந்தது 1973இல். அந்த இடைக்காலம் முழுவதும் சமையலறைதான் சீனரின் புகலிடம். மெல்பேர்ணில் 1945இல் வில்லியம் விங் யங் பெருமளவில் செய்து விற்கத் தொடங்கிய டிம்சிம், சியூமாயைப் பெருப்பித்து வெள்ளையரின் மீன்-சிப்ஸ் கடைக்குள் நுழைத்த பண்டம். நாட்டுக்குள் விடாதவர்களின் உணவை நாடு விரும்பிச் சாப்பிட்டது.

இன்னொரு நிகழ்வு எமக்கு நேரடியாகத் தொடர்புள்ளது. 1989 ஜூனில் தியனன்மென் படுகொலை நடந்தபோது பிரதமர் பொப் ஹோக் நாடாளுமன்றத்தில் நடந்த அஞ்சலி நிகழ்வில் கண்ணீரோடு பேசினார். இங்கே படித்துக்கொண்டிருந்த சீன மாணவர்கள் தங்கலாம் என்றார். 1993 நவம்பர் 1ஆம் திகதி கீற்றிங் அரசு எடுத்த முடிவோடு அவர்களுக்கு நிரந்தர வதிவிடக் கதவு திறந்தது. குடும்பத்தினரையும் சேர்த்து ஏறக்குறைய 42,000 பேர். 2020இல் ஹொங்கொங்கில் தேசிய பாதுகாப்புச் சட்டம் வந்ததும், இங்கிருந்த ஹொங்கொங் மாணவர்களுக்கும் தொழிலாளருக்கும் ஐந்து வருட நீடிப்பு. 2022 மார்ச்சில் நிரந்தர வதிவிடத்துக்கு வழி. இரண்டும் சரியான முடிவுகள். எமது கேள்வி வேறு.

2012 ஓகஸ்ட்டுக்குப் பின் படகில் வந்த எமது பிள்ளைகள், விரைவு நடைமுறை என்ற பெயரில் விசாரிக்கப்பட்டார்கள். தற்காலிக விசா கிடைத்தவர்களுக்கு 2023 பெப்ரவரியில் நிரந்தர விசாவுக்கு வழி திறந்தது. எல்லா நாட்டவரையும் சேர்த்து 19,000 பேர் அளவில். அதே நடைமுறையில் நிராகரிக்கப்பட்டவர்கள் அப்படியே தொங்குகிறார்கள். அவர்களை நிராகரித்த மீளாய்வு அதிகாரசபையே 2024 ஒக்ரோபரில் கலைக்கப்பட்டுவிட்டது. அது கொடுத்த முடிவுகள் மட்டும் கலையவில்லை. 2023இல் 22 அகதிப் பெண்கள் மெல்பேர்ணில் இருந்து கன்பராவரை நடந்தார்கள். அவர்களில் தமிழ்ப் பெண்களும் இருந்தார்கள். ஹோக் அழுத நாட்டில்தான் இதுவும் நடக்கிறது. சீன மாணவர்களுக்கு நான்கு வருடத்தில் தீர்ந்த விடயம் எமது பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வருடம் கடந்தும் தீரவில்லை. பிலோவீலாக் குடும்பத்துக்கு 2022இல் நிரந்தர விசா கிடைத்தது, ஓர் ஊரே எழுந்து நின்றதால். எல்லோருக்கும் ஓர் ஊர் கிடைப்பதில்லை.

இவர்களில் ஒருவர் நாம் சாப்பிட்ட அந்த உணவகத்தின் பின்பக்கத்தில் பாத்திரம் கழுவுகிறார். வவுனியாப் பிள்ளை. மூங்கில் தட்டு அடுக்குகளுக்கிடையே நின்று எமக்குக் கையசைத்தார். இங்கு வந்த எம்மவர் பலருக்கு முதல் சம்பளம் கிடைத்தது சீனச் சமையலறையில்தான். அது எப்போதும் இனிய கதை அல்ல. கையில் காசாக, சட்டம் சொல்வதிலும் குறைவாக வாங்கி, வாய் திறக்காமல் இருந்தவர்கள் எம்மிடையே உண்டு. எமது சொந்தக் கடைகளிலும் அது நடந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். 2023இல் வந்த திருத்தத்தின்படி விசா நிலை எதுவானாலும் வேலைச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 2025 ஜனவரி 1 முதல் வேண்டுமென்றே சம்பளத்தைத் திருடுவது குற்றவியல் குற்றம். விசா போய்விடும் என்று பயந்து பேசாமல் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

யம்சாவே இப்போது தேய்ந்துகொண்டு வருகிறது. ஹேமார்க்கெற்றில் ஜோர்ஜ் வீதியில் இரண்டு மாடியில் நடந்த மேரிகோல்ட் 2021 டிசம்பரில் மூடப்பட்டது. எத்தனை தமிழ்க் குடும்பங்கள் பிறந்தநாளுக்கும் பட்டமளிப்புக்கும் அங்கே போயிருக்கும்! கொரோனா ஒரு காரணம். 2020 பெப்ரவரியில், இங்கே நோய் பரவும் முன்னரே, சீன உணவகங்களின் மேசைகள் வெறுமையாகின. பிறகு வந்த ஜொப்கீப்பர் உதவித்தொகை, தற்காலிக விசாவில் இருந்த சமையற்காரர்களுக்கு இல்லை என்றார்கள். ஊருக்குப் போங்கள் என்றார் அன்றைய பிரதமர். போனவர்களில் எத்தனை பேர் திரும்பியிருப்பார்கள்?

மற்றக் காரணம் கைகள். ஒரு டிம்சம் சமையற்காரர் விடியமுன் எழும்பி மா பிசைய வேண்டும். தொழில் படிய வருடங்கள் வேண்டும். இங்கே பிறந்த அவருடைய பிள்ளை வைத்தியராகவோ கணக்காளராகவோ ஆகிவிடுகிறது. அதைச் சொல்லும்போது நாம் அவர்களைப் பார்த்துச் சிரிக்க முடியாது. வென்ற்வேர்த்வில்லிலும் பெண்டில் ஹில்லிலும் பிட்டு அவிக்கும் எம்மவரின் பிள்ளைகளும் வெஸ்ட்மீட் வைத்தியசாலையில்தான் நிற்கிறார்கள். வெளிநாட்டில் இருந்து ஆள் எடுப்பதென்றால், பத்து வருடம் 53,900 டொலரில் நின்ற சம்பள எல்லை 2023 ஜூலையில் 70,000 ஆகவும், 2025 ஜூலையில் 76,515 ஆகவும் உயர்ந்துவிட்டது. சுரண்டலைத் தடுக்க அது தேவைதான். சிறிய கடைகளுக்கு அது எட்டாத தொகை என்பதும் உண்மை. அதனால் தள்ளுவண்டி மறைந்து, கைத்தொலைபேசியில் படத்தைத் தொட்டு எடுக்கும் முறை பரவுகிறது. உறைந்த பெட்டியில் வரும் கொழுக்கட்டையை ஆவியில் வைக்க ஏழு மடிப்புக்காரர் தேவையில்லை.

2025 ஓகஸ்ட் 31ஆம் திகதி நகரங்களில் குடிவரவுக்கு எதிரான ஊர்வலங்கள் நடந்தன. அதற்கான துண்டுப்பிரசுரங்கள் இந்தியரைப் பெயர் சொல்லிக் குறிவைத்தன. வெஸ்ட்மீட்டில் எம்மை யார் இந்தியர், யார் ஈழத்தமிழர் என்று பிரித்துப் பார்த்து ஏசமாட்டார்கள். அந்த வாரம் பரமட்டாப் பக்கம் போகவே எமது வீட்டுப் பெண்கள் யோசித்தார்கள். வண்டிக்கார அம்மாவிடம் இதைச் சொன்னோம். 90களில் போலின் ஹன்சன் ஆசியர்களைப் பற்றிப் பேசிய காலத்தில் தனக்கும் இப்படித்தான் இருந்தது என்றார். "அப்ப நாங்கள், இப்ப நீங்கள்" என்று சொல்லி, ஒரு தட்டு முட்டைத் தாட்டைக் கணக்கில் போடாமல் வைத்துவிட்டுப் போனார்.

2024 டிசம்பர் 20 முதல் வெஸ்ட்மீட்டில் இருந்து கார்லிங்போர்ட்வரை இலகு தொடருந்து ஓடுகிறது. 12 கிலோமீற்றர், 16 தரிப்பிடங்கள். ஒரு முனையில் எமது கடைகளும் கோவில் கூட்டமும், மறு முனையில் சீனரும் கொரியரும். பெரியவர் அடுத்த மாதம் தனியாகவே அதில் ஏறிப் போய்ப் பார்க்கப்போவதாகச் சொல்கிறார். மரக்கறி ச்சொங்ஃபனுக்கு என்ன பெயர் என்று எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்.

வெளியேறும்போது பின்கதவுப் பக்கம் போய் வவுனியாப் பிள்ளையிடம் சுகம் விசாரித்தோம். அவருடைய இடைக்கால விசா இந்த முறையும் ஆறு மாதத்துக்குத்தான் நீண்டிருக்கிறது.