பல்கலைக்கழகம் யாரோடு பேசுகின்றது?

பல்கலைக்கழகத்தின் சார்பிற் பொதுமக்களோடு பேசுவது இன்று ஒரு தனித்தொழிலாகிவிட்டது. மக்கள் தொடர்பு, விளம்பரம் என்னும் பெயர்களில் அப்பணியில் அமர்ந்திருப்போரின் நிலை ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பதாகும். நிருவாகம் புகழை வேண்டுகின்றது. மக்களோ உண்மையை வேண்டுகின்றனர். இரண்டும் முரணும்போது சம்பளம் கொடுப்பவர் பக்கமே தராசு சாய்கின்றது. பட்டமளிப்பு விழாப் படங்களும் தரவரிசைப் பெருமைகளும் தவறாது வெளிவருகின்றன. கமக்காரனுக்கு வேண்டிய செய்தியோ பின்தங்கிவிடுகின்றது.

யாழ்ப்பாணத்தில் 1974இல் வளாகமாகத் தோன்றி, 1979இல் தனிப் பல்கலைக்கழகமான நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அதன் விவசாயபீடம் கிளிநொச்சியில், வயல்களின் நடுவே இருக்கின்றது. வலிகாமத்தின் சுண்ணக்கல் நிலத்தில், தோட்டங்களுக்கு இடும் பசளை நிலத்தடி நீரிற் கலந்து, கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவு மீறியிருப்பதை ஆய்வாளர் பன்முறை எழுதியுள்ளனர். அவற்றுட் பெரும்பாலானவை ஆங்கிலச் சஞ்சிகைகளில் வந்தவை. ஆங்கில ஆய்வேடு வெங்காயச் செய்கையாளனின் படலையைத் தட்டுமோ? அந்நீரைக் குடிப்பவன் அவனன்றோ!

இதற்கு மக்கள் தொடர்பு உத்தியோகத்தரை மட்டும் குறைகூறுதல் நீதியாகாது. ஆய்வாளனின் உயர்வு ஆங்கிலக் கட்டுரைகளால் அளக்கப்படும்வரை, தமிழில் எழுத அவனைத் தூண்டுவது எது? மேலிடத்தின் அனுமதியின்றி வாய் திறக்கவியலாத உத்தியோகத்தர் கசப்பான உண்மையை எங்ஙனம் உரைப்பார்?

அரச பல்கலைக்கழகம் மௌனம் சாதிக்கும் இடத்திற் பட்ட வியாபாரி உரத்துப் பேசுகின்றான். பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டத் திறமைக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என இடங்கள் பகிரப்படுகின்றன. இசட் புள்ளியும் வெட்டுப்புள்ளியும் கிராமத்துப் பெற்றோருக்குப் புரியாத கணக்குகள். பிள்ளைக்கு எவ்விடம் கிடைக்கும் என்று எடுத்துச் சொல்வாரின்றித் தவிக்கும் தந்தை, வெளிநாட்டுப் பட்டம் என்ற விளம்பரத்தை நம்பிக் காணியை ஈடு வைக்கின்றான். அப்பட்டம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவினால் ஏற்கப்பட்டதா என்பதைக் கேட்கவும் அவன் அறியான்.

சட்டம் நம் பக்கம் இருக்கின்றது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரச பல்கலைக்கழகங்களை மட்டுமன்றி, சட்டப்படி அங்கீகாரம் பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களையும் கட்டுப்படுத்துகின்றது. அவை தகவல் உத்தியோகத்தரை நியமித்தல் கடமை.

நாம் கோருவன மூன்று. மக்களின் நீரையும் நிலத்தையும் உடல்நலத்தையும் தொடும் ஒவ்வோர் ஆய்வுக்கும் எளிய தமிழ்ச் சுருக்கம் வெளியிடப்படல் வேண்டும். அனுமதி முறையை விளக்கப் பல்கலைக்கழகத்தார் கிராமப் பாடசாலைகளுக்கு ஆண்டுதோறும் செல்லல் வேண்டும். மக்கள் தொடர்பு உத்தியோகத்தருக்கு உண்மையைச் சொல்லும் சுதந்திரம் எழுத்தில் வழங்கப்படல் வேண்டும்.

நிறுவனத்தின் நற்பெயர் கெடாதோ என்பர் சிலர். கிணற்று நீர் கெட்டதை மறைத்துக் காக்கும் பெயர் எத்தனை நாள் நிற்கும்? கமக்காரனின் வரிப்பணத்தில் வாழும் பல்கலைக்கழகம் அவனுக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டது. சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே, கமக்காரச் சகோதரர்களே! கேள்வியை எழுத்தில், தமிழில் அனுப்புங்கள். கேளாத உரிமை எந்நாளும் கைவராது.