வண்டி ஓட்டத் தெரியாதா? வேலை இல்லை!

எங்கள் தெருவில் ஒரு வாலிபர் இருக்கிறார். ஐ.டி.ஐ.யில் 2 ஆண்டு எலெக்ட்ரீஷியன் தொழில் படித்தவர். கெட்டிக்காரர். மின்விசிறி ஓடும் சத்தத்தைக் கேட்டே, "பேரிங் போய்விட்டது" என்று சொல்லிவிடுவார்.

ஆனால் அவருக்கு வேலை கிடைக்கவில்லை!

காரணம் என்ன? அவருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

அவருடைய தாயார், மூத்த மகனைச் சாலை விபத்தில் பறிகொடுத்தவர். "நீயாவது அந்த வண்டியைத் தொடாதே, அப்பா!" என்று கண்ணீர் விட்டார். மகன் தாய் சொல்லைத் தட்டவில்லை.

ஒரு காண்டிராக்டரிடம் வேலை கேட்டுப் போனார். "லைசென்ஸ் இருக்கிறதா?" என்று அவர் கேட்டார். வாலிபர் தொழில் சான்றிதழை எடுத்து நீட்டினார்.

"இது யாருக்கு வேண்டும்? டிரைவிங் லைசென்ஸ் எங்கே?" என்றார், அவர்.

இது நியாயமா?

எதைக் கேட்க வேண்டும்?

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். தவறாகத் தொட்டால் உயிரைக் குடித்துவிடும்.

எர்த் கம்பியை ஒழுங்காகப் போடத் தெரியுமா? மின்சாரம் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்தத் தெரியுமா? வீடுகளில் வைக்கும் கருவி, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிட வேண்டும். அதைச் சோதித்துப் பார்க்கத் தெரியுமா?

கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான். வண்டி அதற்குப் பிறகுதான்.

காண்டிராக்டர் சொல்வதிலும் உண்மை இல்லாமல் இல்லை. "ஒரே நாளில் நாலு ஊர் போக வேண்டும். நடு இரவில் கூப்பிட்டால் பஸ் ஏது?" என்கிறார். அந்த மாதிரி வேலைக்கு வண்டி அவசியம்தான்.

ஆனால், எல்லா வேலையும் அப்படியா?

புது வீட்டுக்கு வயரிங் செய்யப் போனால், பல நாள் ஒரே இடத்தில் வேலை. 10 அடி நீளக் குழாயையும் ஏணியையும் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகவா முடியும்? அவை எப்படியும் சரக்கு வண்டியில்தான் வர வேண்டும். ஆலை, ஆஸ்பத்திரி, அடுக்குமாடி வீடுகள், மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை... எங்கும் உட்கார்ந்த இடத்தில் வேலை இருக்கிறது.

அக்கம்பக்கத்து வேலைக்குச் சைக்கிள் போதும். 5 கிலோ மீட்டர் தூரத்தை 20 நிமிடத்தில் கடந்துவிடலாம். பெட்ரோல் செலவும் மிச்சம்!

விபரீதம் வேண்டாம்

வேலை போய்விடுமோ என்று பயந்து, லைசென்ஸ் இல்லாமலே சிலர் வண்டியை எடுக்கிறார்கள். இது விபரீதம்! 2019-ம் ஆண்டு திருத்திய சட்டப்படி, இதற்கு அபராதம் 5 ஆயிரம் ரூபாய். 3 மாதம் வரை ஜெயிலும் உண்டு. வண்டியைக் கொடுத்த சொந்தக்காரரும் தண்டனைக்குத் தப்ப முடியாது.

வாலிபர்களே! ஓட்ட முடிந்தவர்கள் முறைப்படி கற்று, லைசென்ஸ் வாங்குங்கள். அதுவும் ஒரு சொத்துதான். முடியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். வேலை கேட்கும்போதே உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

காண்டிராக்டர்களே! வண்டி ஓட்டுகிறவரையும் ஓட்டாதவரையும் ஜோடி சேர்த்து அனுப்புங்கள். இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்தால் ஆபத்தும் குறையும்.

தாய்மார்களே! உங்களுக்கும் ஒரு வார்த்தை. எலெக்ட்ரீஷியனை அழைக்கும்போது, "சீக்கிரம் வாங்க!" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு விளக்கு எரியவில்லையா, வீடு முழுவதும் இருட்டா என்பதைச் சொல்லுங்கள். தேவையான சாமானோடு அவர் வருவார். இரண்டாம் தடவை அலைய வேண்டாம். தீய்ந்த வாசனை வந்தால், அவர் வரும்வரை மெயின் சுவிட்சை அணைத்து வையுங்கள்.

சென்ற வாரம் எங்கள் வீட்டில் திடீரென்று விளக்கு அணைந்தது. அந்த வாலிபர் சைக்கிளில் வந்தார். அரை மணி நேரத்தில் வீடு வெளிச்சமானது.

குழந்தைகள் கை தட்டினார்கள். "எந்த வண்டியில் வந்தீர்கள்?" என்று யாரும் கேட்கவில்லை!