படியேறும் நாற்காலி: பழையது போதுமா?

பழையதா புதியதா என்ற கேள்வி சைக்கிள் வாங்கும்போதும் வரும், பாடப்புத்தகம் வாங்கும்போதும் வரும். அங்கெல்லாம் கையில் இருக்கும் காசே பதிலைச் சொல்லிவிடும். வீட்டு மாடிப்படிக்கு ஸ்டேர்லிஃப்ட் வாங்கும் குடும்பங்கள் மட்டும் இந்தக் கேள்வியில் வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டு தவிக்கின்றன. அதற்குள் அம்மா மாடிக்குப் போக முடியாமல் முன்னறை சோபாவிலேயே படுத்துக்கொண்டிருப்பார்.

ஸ்டேர்லிஃப்ட் என்றால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. படிகளின் ஓரமாக ஒரு அலுமினியத் தண்டவாளம், அதன் மேல் ஊர்ந்து போகும் ஒரு நாற்காலி. 1920களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கிரிஸ்பென் என்பவர் இதைச் செய்து விற்கத் தொடங்கினார். ஆனால் இன்று இது அதிகம் தேவைப்படும் இடங்களில் ஒன்று பிரிட்டன். அங்கே சாதாரணக் குடும்பம் வாழும் வரிசை வீடுகளில் சமையலறையும் முன்னறையும் கீழே, படுக்கையறை மேலே, பெரும்பாலும் குளியலறையும் மேலே. படியேற முடியாதவர் பாதி வீட்டை இழந்துவிடுகிறார். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து போய் ஈஸ்ட் ஹாம், வெம்பிளி, டூட்டிங் பக்கம் இப்படிப்பட்ட வீடுகளை வாங்கிய தமிழர்களுக்கும் இப்போது முழங்கால் மக்கர் செய்கிற வயது வந்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருவோம். பழையதா புதியதா என்று கேட்பதற்கு முன் படிக்கட்டைப் பார்க்க வேண்டும். முக்கால்வாசிப் பதில் அங்கேதான் இருக்கிறது.

படி நேராக ஏறினால் தண்டவாளமும் நேர். அது எல்லோருக்கும் ஒரே அச்சில் வார்த்து, தேவையான நீளத்துக்கு அறுத்துப் பொருத்துவது. சுவரில்கூட மாட்டுவதில்லை, படிகளின் மேலேயே திருகி நிறுத்துகிறார்கள். ஒரு வீட்டில் கழற்றியதை இன்னொரு வீட்டில் பொருத்துவதில் பெரிய சிக்கல் இல்லை. நீளம் கூடுதலாக இருந்தால் அறுக்கலாம், எந்தப் பக்கத்து ஓரத்துக்குச் செய்தது என்பதை மட்டும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு தேர்ந்த ஆள் அரை நாளில் வேலையை முடித்துவிடுவார்.

படி நடுவில் திரும்பினால் கதையே வேறு. வளைந்த தண்டவாளத்தை அந்தப் படிக்கட்டை அளந்து, அதற்கென்றே வளைத்துச் செய்கிறார்கள். அடுத்த வீட்டுப் படியும் பார்க்க அதே போலத்தான் இருக்கும், ஆனால் இரண்டு அங்குலம் மாறினாலும் உட்காராது. துண்டு துண்டாக இணைக்கும் வளைவுகளும் சந்தையில் உண்டு, அவற்றுக்குக் கொஞ்சம் நெகிழ்வு இருக்கிறது. மற்றபடி பழைய வளைந்த லிஃப்ட் வாங்குவது இன்னொருவர் பல் செட்டை வாங்குகிற மாதிரிதான்! பழைய நாற்காலியை வைத்துத் தண்டவாளத்தை மட்டும் புதிதாகச் செய்து தருகிற நிறுவனங்கள் உண்டு. ஆனால் வளைந்த லிஃப்டில் செலவின் பெரும்பங்கு தண்டவாளத்தில்தான் என்பதால் மிச்சம் பிடிப்பது சொற்பம்.

விலையும் இதை ஒட்டியே போகிறது. பிரிட்டனில் புதிய நேர் லிஃப்ட் பொருத்தும் கூலியோடு சுமாராக 2,000 முதல் 3,000 பவுண்டு. வளைந்தது 4,000க்கு மேல் தொடங்கி எங்கேயோ போய் நிற்கும். பழைய நேர் லிஃப்டைச் சுத்தம் செய்து, சோதித்து, உத்தரவாதத்தோடு பொருத்தித் தருகிறவர்கள் கணிசமாகக் குறைத்தே கேட்கிறார்கள். தாத்தா காலமான வீட்டிலிருந்து நேராகக் கழற்றி விற்பவர்களிடம் சில நூறு பவுண்டுக்குக்கூடக் கிடைக்கும். இந்தக் கடைசி வகையில்தான் ஆபத்து.

ஏன் என்று புரிய அதன் வயிற்றுக்குள் கொஞ்சம் பார்க்க வேண்டும். இன்றைய லிஃப்டுகளில் பெரும்பாலானவை பேட்டரியில் ஓடுகின்றன. சுவர்ப் பிளக்கிலிருந்து வரும் மின்சாரம் பேட்டரிக்கு ஊட்டுவதற்கு மட்டும். அதனால் கரண்ட் போனாலும் நாற்காலி நடுப்படியில் நிற்காது. பேட்டரி தேய்கிற பொருள், சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். அது பெரிய செலவும் இல்லை. மாதக்கணக்கில் பிளக் பிடுங்கிக் கிடந்த லிஃப்டில் பேட்டரி செத்திருக்கும், அதற்காக வாங்காமல் விட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது சர்க்யூட் போர்டைப் பார்த்துத்தான். அந்த மாடலைத் தயாரிப்பவர் கைவிட்டு உதிரிப்பாகம் கிடைக்காமல் போயிருந்தால், மலிவாக வாங்கிய லிஃப்ட் முதல் பழுதோடு குப்பைக்குத்தான் போகும். ஆகவே பழையதை வாங்குமுன் அதன் வரிசை எண்ணைத் தயாரிப்பாளரிடம் சொல்லி, எந்த வருடத்துச் சரக்கு, பாகம் இன்னும் கிடைக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும். இருக்கைத் துணியில் கறை இருக்கிறதா என்று பார்ப்பவர்கள்தான் அதிகம். கறை யாரையும் தள்ளிவிடாது.

தள்ளிவிடக்கூடியவை வேறு. நாற்காலிக்குப் பெல்ட் இருக்க வேண்டும். கால்மிதியின் கீழ் ஒரு செருப்போ பூனையோ அகப்பட்டால் உடனே நிற்க வேண்டும். மேலே போய்ச் சேர்ந்ததும் இருக்கை மாடிப்பக்கம் திரும்பிப் பூட்டிக்கொள்ள வேண்டும், இறங்குகிறவர் படிகளுக்கு முதுகைக் காட்டி இறங்குவதற்காக. ஐரோப்பாவில் இதற்கென்று இஎன் 81-40 என்ற தரவிதி 2008ல் வந்து 2020ல் திருத்தப்பட்டது. வேகம்கூட நொடிக்கு 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறது அது. அதாவது நான்கு மீட்டர் தண்டவாளத்தை ஏற ஏறக்குறைய அரை நிமிடம். அதற்கு முந்தைய காலத்து லிஃப்ட் எல்லாம் கெட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் அவற்றை வாங்குகிறவர் இந்தச் சோதனைகளைத் தாமே உட்கார்ந்து செய்து பார்த்துவிட வேண்டும். மருமகனே யூடியூப் பார்த்துத் திருகிவிடலாம் என்ற யோசனை எழுமானால், படியின் உச்சியில் அந்த நாற்காலியில் யார் உட்காரப் போகிறார் என்று ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவும் இயந்திரக் கணக்கு. குடும்பங்களைத் தவிக்க வைப்பது இந்தக் கணக்கல்ல. "எத்தனை வருடத்துக்கு வேண்டும்?" என்று விற்பனையாளர் கேட்கும்போது யாரும் வாய் திறப்பதில்லை. இரண்டு வருடம் என்று சொன்னால் அம்மாவுக்கு நாள் குறித்த மாதிரி ஆகிவிடும். பழையது போதும் என்றால் கடைசிக் காலத்தில் அவருக்குக் கஞ்சத்தனம் பார்த்ததாக உறவுக்காரர்கள் பேசுவார்கள். அதனாலேயே புதியதை வாங்கிக் கடனைத் தலையில் ஏற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. விற்கிறவர்களுக்கும் இந்தப் பலவீனம் நன்றாகத் தெரியும்.

உண்மையில் அந்தக் கேள்விக்கு வாய்விட்டுப் பதில் சொல்வதுதான் அம்மாவுக்குச் செய்யும் உதவி. இடுப்பு அறுவை முடிந்து ஆறேழு மாதத்துக்குத் தேவை என்றால் வாங்கவே வேண்டாம், வாடகைக்கே கிடைக்கிறது. நோய் முற்றிக்கொண்டே போகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், இன்னும் ஒரு வருடத்தில் அவரால் நாற்காலியில் நேராக உட்கார முடியுமா என்று கேட்க வேண்டும். முடியாது என்றால் 5,000 பவுண்டு வளைந்த லிஃப்டைவிடக் கீழே ஒரு கழிப்பறை கட்டுவது புத்திசாலித்தனம். எழுபது வயதில் முழங்கால் மட்டும் தேய்ந்து, மற்றபடி திடமாக இருப்பவருக்குப் பதினைந்து வருடம் ஓடப் போகிற லிஃப்ட் தேவை. அங்கே புதியதற்குக் கொடுக்கும் காசு வீணில்லை. இதற்கெல்லாம் நடுவில், நேர்ப் படியும் சுமாரான வருமானமும் உள்ள பெரும்பாலான வீடுகளுக்கு, ஒரு நிறுவனம் சோதித்து, உத்தரவாதம் எழுதிக் கொடுத்துப் பொருத்தும் பழைய லிஃப்ட் தாராளமாகப் போதும். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பக் காத்திருப்பவருக்கு, சில நாளில் வந்துவிடுகிற பழையது, சில வாரம் கழித்து வரும் புதியதைவிட மேலானது.

அவசரத்தில் ஒரு தவறு நடக்கக்கூடும். இங்கிலாந்தில் 30,000 பவுண்டு வரை கொடுக்கும் டிசேபிள்டு ஃபெசிலிட்டீஸ் கிராண்ட் என்ற மானியம் உண்டு. வருமானம் பார்த்து உள்ளூர் கவுன்சில் கொடுப்பது. ஒப்புதல் வருமுன் வேலையைத் தொடங்கினால் மானியம் கிடைக்காமல் போகலாம். இரண்டு நாளில் மலிவாகப் பொருத்திவிட்டுப் பிறகு விண்ணப்பம் போடுவது கைக்கு வந்ததை ஆற்றில் விடுவது போல. வரியையும் கவனிக்க வேண்டும். நீண்டகால நோயோ உடற்குறையோ உள்ளவருடைய வீட்டுத் தேவைக்கு என்றால் வாட் வரியே இல்லை. 60 வயதைத் தாண்டியவருக்குப் பொருத்தினால் 20 சதவீதத்துக்குப் பதில் 5 சதவீதம். கடைக்காரர் சொன்ன விலையில் எந்த வரி ஒளிந்திருக்கிறது என்று கேட்டால்தான் தெரியும்.

இன்னொன்று, புதியதோ பழையதோ, ஒரு நாள் அதைக் கழற்றத்தான் வேண்டியிருக்கும். விற்றால் கொடுத்த விலையில் சிறு பங்குகூட வராது, வளைந்ததற்கு அதுவும் கிடையாது. சில நிறுவனங்கள் தாங்களே வந்து எடுத்துக்கொண்டு போகின்றன, சில அதற்கும் கூலி கேட்கின்றன. துக்க வீட்டில் அதைப் பேச யாருக்கும் மனம் வராது, ஆகவே வாங்கும் அன்றே ரசீதில் அந்த ஒரு வரியையும் எழுதி வாங்கிக்கொள்வது உத்தமம்.