மன்னித்த கடனும் வருமானமா?

பொன் வந்தால் வருமானம். பொருள் வந்தால் வருமானம். பொல்லாத நோய் வந்து, அதனால் ஏறிய கடனைக் கொடுத்தவரே மன்னித்துவிட்டால், அதுவுமா வருமானம்?

ஆம் என்கிறது அமெரிக்க நாட்டு வருமான வரிச் சட்டம். தள்ளுபடியான கடனும் வருமானமே என்பது அதன் 61-ஆம் பிரிவு வகுத்துள்ள பொது விதி.

இந்த விதிக்கு வேர் எங்கே? 1931-ஆம் ஆண்டில், கெர்பி மரக் கம்பெனியின் வழக்கிலே! தான் விற்ற கடன் பத்திரங்களை விலை சரிந்தபோது திரும்ப வாங்கி, 1,37,521 டாலர் ஆதாயம் கண்டது அக்கம்பெனி. அந்த ஆதாயத்துக்கு வரி உண்டு என்று தீர்ப்பெழுதினார் உச்சநீதிமன்ற நீதிபதி ஹோம்ஸ். நேர்மையான தீர்ப்புத்தான். கம்பெனி கையிலே பணம் வாங்கிற்று. வாங்கியதில் ஒரு பகுதியைத் தராமலே தப்பிற்று.

ஆனால் நோயாளி வாங்கியது என்ன? பணமா? இல்லை, ஊசியும் மருந்தும்! அதற்கு மருத்துவமனை போட்ட விலையோ, காப்பீட்டு நிறுவனம் பேரம் பேசிக் குறைத்துக்கொள்ளும் விலை. காப்பீடற்ற ஏழையின் தலையிலே முழுதாக இறங்கும் விலை.

சட்டத்திலே கதவுகள் இல்லாமலில்லை. அறநிலையம் கடனை வாங்கி மன்னித்தால் அது நன்கொடை, வரி இல்லை. நீதிமன்றத்தில் திவாலானால் வரி இல்லை. சொத்தை மிஞ்சிய கடனிருந்தால், மிஞ்சிய அளவுக்கு வரி இல்லை.

அந்த அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவருக்குச் சொத்து 20,000 டாலர், கடன் 50,000. அதிலே மருத்துவக் கடன் 40,000 தள்ளுபடியாகிறது. விலக்கு 30,000-க்குத்தான். எஞ்சிய 10,000 வருமானமாம்! பழைய காரும், முதுமைக்கென ஒதுக்கிய சேமிப்பும் சொத்துக் கணக்கிலே சேரும். மருத்துவச் செலவைக் கடன் அட்டையில் ஏற்றிவிட்டாலோ, அது வங்கிக் கடன். 600 டாலரோ அதற்குமேலோ தள்ளுபடியானால் 1099-சி படிவம் வாசலுக்கு வரும். விலக்கு உண்டென்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு நோயாளியுடையது!

கடனே தள்ளுபடியானபின் கண்ணீர் எதற்கு என்பர் சிலர். வரியை டாலராகத்தானே கட்டவேண்டும்? மன்னிப்பு எந்த டாலரை அவர் கையில் கொடுத்தது? சந்தையைக் கேளுங்கள்: 2014-இல் தோன்றிய அறநிலையம் ஒன்று, பழைய மருத்துவக் கடனை நூறு டாலருக்கு ஏறத்தாழ ஒரு டாலர் என்ற விலையில் வாங்கித் தீர்த்து வருகிறது. சந்தை ஒன்றென மதிப்பதை, சட்டம் நூறென மதிப்பது நீதியா?

2007-இல் வீட்டுக் கடனாளிகள் தவித்தபோது, 108-ஆம் பிரிவிலே அவர்களுக்கெனத் தனி விலக்குத் தந்தது அமெரிக்கக் காங்கிரஸ். கூரைக்குத் தந்த விலக்கை உயிருக்குத் தர மறுப்பதேன்? மருத்துவக் கடன் தள்ளுபடி வருமானமன்று என்று ஒரே ஒரு வரியை அப்பிரிவிலே சேர்க்கட்டும்.

நோய் தந்தது வேதனை. அதன்மீது வரி விதிப்பது அரசுக்குப் பெருமையன்று!