வெள்ளம் வடிந்த பிறகு கம்ப்யூட்டரில் என்ன மிஞ்சும்?

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துக்கு ஒரு பக்கம் கடல். மறு பக்கம் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழிமுகம். அங்கே குடியிருப்பவர்கள், தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. எந்தப் பக்கத்திலிருந்தும் வரும்! 2004 டிசம்பர் 26-ந் தேதி கடலே எழுந்து வந்தது. 2015 டிசம்பரில் சென்னை முழுவதும் மிதந்தது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் 'மிக்ஜாம்' புயல் மழை கொட்டியபோது வெள்ளம் தனியாக வரவில்லை. மணலித் தொழிற்சாலைப் பகுதியிலிருந்து எண்ணெயையும் கூட்டிக்கொண்டு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்தில் வந்து இறங்கியது. படகும் வலையும் கறுத்துப் போயின.

அப்போது படகுகளைப் பற்றிப் பேசினோம். வலைகளைப் பற்றிப் பேசினோம். பேச வேண்டியதுதான், பிழைப்பு அல்லவா? ஆனால் அந்த வீடுகளில் நனைந்து போகக்கூடிய இன்னொரு பொருளும் இருக்கிறது. அதைப் பற்றி நாம் அதிகம் பேசவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரைத்தான் சொல்கிறோம்.

குப்பத்தில் கம்ப்யூட்டரா என்று யாரும் கேட்க வேண்டாம். 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் அதை வாங்கி வந்தார்கள். பையன் படித்து முடித்தான். லேப்டாப் வீட்டுக்குச் சொந்தமாயிற்று. அக்காளின் கல்யாணப் படங்கள் அதில் ஏறின. ஆதார், ரேஷன் கார்டு நகல்கள் ஏறின. படகுப் பங்குக் கணக்கு ஏறியது. செல்போனில் இடம் இல்லாமல் போகும்போதெல்லாம், அதில் இருந்த படங்களையும் அதிலேயே கொட்டினார்கள். இப்படி நாலைந்து வருஷம் போனால், அந்த லேப்டாப்பை விற்றால் கிடைக்கும் பணம் சொற்பம். அதற்குள் இருப்பதற்கோ விலையே கிடையாது.

ரிஜிஸ்தர் எங்கே இருந்தது?

2015 வெள்ளத்தில் பள்ளிச் சான்றிதழ்களையும் பட்டாக்களையும் பறிகொடுத்தவர்கள் ஏராளம். அரசாங்கம் சிறப்பு முகாம்கள் நடத்தி, இலவசமாக நகல் கொடுத்தது. 'மிக்ஜாம்' புயலுக்குப் பிறகும் இப்படி முகாம்கள் நடந்தன. நல்ல காரியம்.

அந்த நகல்களை எப்படிக் கொடுக்க முடிந்தது? சர்க்கார் புதிதாக எதையும் சிருஷ்டிக்கவில்லை. ஜனன ரிஜிஸ்தர் ஓர் அலுவலகத்தில் இருந்தது. மார்க்குப் பட்டியல் இன்னோர் இலாகாவில் இருந்தது. அதைப் பார்த்து எழுதிக் கொடுத்தார்கள். வீட்டிலிருந்த காகிதம் போனாலும் வேறு இடத்தில் பதிவு இருந்தது. விஷயம் அவ்வளவுதான்.

தாத்தா பேசிய பேச்சை யாரோ செல்போனில் பிடித்து, லேப்டாப்பில் போட்டு வைத்தார்கள். தாத்தா இப்போது இல்லை. லேப்டாப்பும் முழுகிவிட்டது. எந்தத் தாசில்தாரிடம் போய் நகல் கேட்பது?

நனைந்த பெட்டி

பழைய கம்ப்யூட்டர்களுக்குள்ளே ஹார்டு டிஸ்க் என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதில் பளபளப்பான தட்டுகள் நிமிஷத்துக்கு 5,400 முறையோ 7,200 முறையோ சுற்றுகின்றன. எழுதும் முனை தட்டின் மேல் படுவதில்லை. தலைமயிரின் கனத்தில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு உயரத்தில் மிதந்தபடி எழுதுகிறது, படிக்கிறது. அந்த இடுக்கில் ஒரு தூசி புகுந்தாலே ஆபத்து. உப்புத் தண்ணீரும் சேறும் புகுந்தால் கேட்க வேண்டுமா?

நனைந்த கம்ப்யூட்டரை, "ஓடுகிறதா பார்க்கலாம்" என்று சுவிட்சைப் போட்டுப் பார்ப்பது பெரிய தப்பு. பிழைத்திருக்கக்கூடிய தட்டையும் அது கீறிவிடும். தேர்ந்தவர்களிடம் கொடுத்தால் சில சமயம் மீட்டுக் கொடுப்பார்கள். அவர்கள் கேட்கும் கூலியில் ஒரு புதுக் கம்ப்யூட்டரே வாங்கிவிடலாம். இப்போது வரும் கம்ப்யூட்டர்களில் சுற்றுகிற தட்டு கிடையாது, எல்லாம் சில்லு. கீழே விழுந்தால் தாங்கும், வாஸ்தவம். ஆனால் பழைய டிஸ்க் சாகுமுன் 'கடகட' என்று சத்தம் போட்டு எச்சரிக்கும். இது பேசாமலே போய்விடும்!

ஆகவே மாற்றுப் பிரதி வேண்டும். இதைத்தான் 'பேக்கப்' என்கிறார்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் கிரோக் என்பவர் இதற்கு ஒரு கணக்குச் சொல்லிப் பிரபலப்படுத்தினார். மொத்தம் மூன்று பிரதி. இரண்டு விதமான சாதனங்களில். அவற்றில் ஒன்று வேறு இடத்தில். மூன்று, இரண்டு, ஒன்று. ஞாபகம் வைத்துக்கொள்ள எளிது.

நம் ஊரில் இடறுவது அந்தக் கடைசி 'ஒன்று'தான். லேப்டாப் மேஜை மேல் இருக்கும். பிரதி எடுத்த டிஸ்க் அதே வீட்டு அலமாரியில் இருக்கும். வெள்ளத்துக்கு மேஜையும் அலமாரியும் ஒன்றுதானே? சரி, பக்கத்து வீட்டில் கொடுத்து வைக்கலாமா? குப்பத்தில் ஒரு வீட்டில் தண்ணீர் ஏறினால் அடுத்த வீட்டிலும் ஏறும். பெண்ணைக் கட்டிக் கொடுத்த ஊர் திருத்தணியோ அரக்கோணமோ ஆனால், அங்கே ஒரு டிஸ்க் இருக்கட்டும். பொங்கலுக்குச் சீர் கொண்டு போகும்போது புதிய டிஸ்க்கைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி வரலாம்.

இந்த யோசனை கம்ப்யூட்டரோடு பிறந்ததல்ல. உ. வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார் என்றால், அதன் ஏட்டுச் சுவடிகள் பல ஊர்களில், பல வீடுகளில் இருந்ததால்தான் அது முடிந்தது. ஓர் ஏட்டில் செல்லரித்த இடத்தை இன்னோர் ஏடு நிரப்பியது. அதே ஐயர் சுவடி தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போனபோது, அங்கிருந்த ஏடுகளை நெருப்பிலே இட்டுவிட்டார்கள் என்ற செய்திதான் கிடைத்தது. அவற்றில் வேறு எங்கும் பிரதி இல்லாத நூல் எத்தனை இருந்ததோ!

"எல்லாம் இன்டர்நெட்டில் இருக்கிறதே" என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். அதுவும் ஒரு பிரதிதான். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கூகுள் நிறுவனம் இலவசமாகக் கொடுக்கும் இடம் 15 ஜி.பி. படங்களுக்குத் தந்த வரம்பில்லாத இலவச இடத்தை 2021 ஜூன் 1 முதல் நிறுத்திவிட்டது. இன்னொன்றும் உண்டு. கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் கண்ணாடி போல் ஒன்றையொன்று காட்டும்படி வைத்திருந்தால், இங்கே குழந்தை ஒரு படத்தை அழித்தால் அங்கேயும் அழியும். கண்ணாடி பிரதி ஆகாது. அதுபோலவே, டிஸ்க்கை எப்போதும் கம்ப்யூட்டரோடு சேர்த்தே சொருகி வைப்பதும் உதவாது. 2017 மே மாதம் 'வான்னாகிரை' என்ற விஷமம் ஏறத்தாழ 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அந்த மாதிரி விஷமங்கள், சொருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். எடுத்தவுடன் கழற்றி வைத்துவிட வேண்டும்.

திரும்பி வருமா?

இவ்வளவும் செய்தாலும் பாதி வேலைதான் முடிந்தது. மீதிப் பாதியைப் பெரிய நிறுவனங்களே மறந்து, வசமாக மாட்டிக்கொண்டது உண்டு.

அமெரிக்காவில் பிக்சார் என்ற படக் கம்பெனி 1998-ல் 'டாய் ஸ்டோரி 2' என்ற கார்ட்டூன் படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தது. யாரோ கம்ப்யூட்டரில் ஒரு தவறான கட்டளையைக் கொடுத்துவிட்டார்கள். திரையில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதாநாயகனின் தொப்பி மறைந்தது. அப்புறம் கதாநாயகனே மறைந்தான்! படத்தில் சுமார் 90 சதவீதம் போய்விட்டது. "பிரதி இருக்கிறது, எடுங்கள்" என்றார்கள். எடுத்தார்கள். அந்தப் பிரதி ஒழுங்காகப் பதிவாகவே இல்லை! பிரதி எடுக்கும் ஏற்பாடு கெட்டுக் கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஏனென்றால் அதுவரை யாரும் அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கவில்லை.

கம்பெனியைக் காப்பாற்றியது எது தெரியுமா? ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர்! அந்தப் படத்தில் வேலை செய்த கேலின் சஸ்மன் என்ற பெண்மணிக்குக் குழந்தை பிறந்திருந்தது. வீட்டிலிருந்தே வேலை செய்வதற்காகப் படத்தின் பிரதி ஒன்றைத் தம் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அதைக் கம்பளியில் சுற்றி, காரில் வைத்து, குழந்தையைக் கொண்டு வருவதுபோல் ஜாக்கிரதையாக ஓட்டி வந்தார்கள். படம் 1999-ல் வெளியாயிற்று.

நம் மீனவர்கள் வலையைச் சுருட்டி வைத்தபடியே நம்பிக் கடலுக்குப் போவதில்லை. கரையில் விரித்து, கண் கண்ணாகப் பார்த்து, அறுந்ததை முடிந்த பிறகே ஏற்றுகிறார்கள். பிரதி எடுத்த டிஸ்க்கையும் அப்படி விரித்துப் பார்க்க வேண்டும். வேறொரு கம்ப்யூட்டரில் சொருகி, பழைய படம் ஒன்று, ஒலிப்பதிவு ஒன்று, கணக்கு ஒன்று என்று திறந்து பார்க்க வேண்டும். பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. உள்ளே இருப்பது வர வேண்டும்.

தமிழர்களுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. ஒரு காலத்தில் ஆளுக்கு ஓர் எழுத்துருவில் தமிழ் டைப் அடித்தோம். தமிழக அரசு 1999-ல் 'டாம்', 'டாப்' என்று ஒரு முறையை வகுத்தது; 2010-ல் யூனிகோடை ஏற்றது. பழைய எழுத்துருவில் அடித்த கடிதம் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும். புதுக் கம்ப்யூட்டரில் திறந்தால் 'mk;kh' என்பது மாதிரி ஏதோ நெளியும்! அந்த எழுத்துருவையும் சேர்த்து டிஸ்க்கில் வைத்துக்கொண்டவர் பிழைத்தார். யூனிகோடுக்கு மாற்றி வைத்தவருக்குக் கவலையே இல்லை.

லேப்டாப்போடு ஒரு பாடம்

2025-26 தமிழக பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கையடக்கக் கணினிகளோ மடிக்கணினிகளோ வழங்குவதாக அறிவித்தார்கள். கொடுக்கட்டும், வரவேற்கிறோம். கூடவே ஒரு மணி நேரம் ஒரு பாடமும் நடத்தும்படி கேட்கிறோம். கம்ப்யூட்டரிலிருந்து பிரதி எடுக்க ஒவ்வொரு மாணவருக்கும் செய்து காட்ட வேண்டும். பிறகு ஒரு கோப்பை வேண்டுமென்றே அழித்து, பிரதியிலிருந்து அவரே மீட்டெடுக்க வேண்டும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. விண்டோஸிலேயே 'ஃபைல் ஹிஸ்டரி' இருக்கிறது. ஆப்பிள் கம்ப்யூட்டரில் 'டைம் மெஷின்' இருக்கிறது.

வெள்ளம் வந்த பிறகு முகாம் போடுகிறவர்கள், வருமுன் ஒரு முகாம் போட்டால் என்ன? எண்ணூர், திருவொற்றியூர்க் குப்பங்களில், பள்ளிக்கூடத்திலோ நூலகத்திலோ நாலு மேஜை போட்டு, நாலு கல்லூரிப் பிள்ளைகளை உட்கார வைத்தால் போதும். குடும்பத்தார் தங்கள் டிஸ்க்கையும் லேப்டாப்பையும் கொண்டு வரட்டும். சாதாரண டிஸ்க்காக இருந்தாலும், 100 ஜி.பி. படங்களை ஏற்ற ஒரு மணி நேரத்துக்கு மேல் பெரும்பாலும் ஆகாது. இன்னும் பத்து நிமிஷம் இருந்து, ஏறியதைத் திறந்து பார்த்துவிட்டுப் போகலாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பரில் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்குத் தோதாக இருக்கும்.