சுற்றுலாவும் ஒற்றைப் பயிர்தான்

நிலம் முழுவதையும் ஒரே பயிருக்குக் கொடுத்துவிடாதீர்கள் என்று வேளாண் அலுவலர்கள் அடிக்கடி சொல்வார்கள். விலை சரிந்தாலும் நோய் தாக்கினாலும் கையில் வேறொன்றும் மிஞ்சாது என்பதே காரணம். இந்த அறிவுரை ஒரு தோட்டத்துக்கு மட்டுமல்ல, ஒரு தீவுக்கே பொருந்தும். தென் அட்லான்டிக் கடலில் உள்ள செயின்ட் ஹெலினா தீவு அதற்குச் சான்று.

நெப்போலியனை பிரிட்டிஷார் 1815-ல் சிறைவைத்த தீவு இது. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சுமார் 1,900 கி.மீ. தொலைவில் இருக்கிறது. பரப்பு சுமார் 120 சதுர கி.மீ.; மக்கள் நாலரை ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவு. 2017 வரை வெளியுலகத்துக்குப் போக கப்பல்தான் வழியாக இருந்தது; கேப்டவுனிலிருந்து ஐந்து நாள் பயணம். சாலையில் எதிரே வரும் வண்டிக்கெல்லாம் கையசைப்பது ஊர் வழக்கம். 2017 அக்டோபரில் வாராந்திர விமானம் வந்தது. இனி சுற்றுலாதான் வருமானம் என்று அரசு நம்புகிறது. அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும்.

ஏனென்றால், இந்தத் தீவு இதற்கு முன்பும் ஒன்றையே நம்பி இரண்டு முறை ஏமாந்திருக்கிறது. முதலில் கப்பல்கள். ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே போகும் கப்பல்கள் இங்கே நின்று தண்ணீரும் காய்கறியும் இறைச்சியும் வாங்கின. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது, கப்பல்கள் பாதை மாறின, சந்தை போனது.

அடுத்தது நார். நியூசிலாந்து பிளாக்ஸ் எனப்படும் நார்ச்செடியை மலைச்சரிவெங்கும் நட்டார்கள். அதன் கயிற்றை பிரிட்டிஷ் அஞ்சல் துறை வாங்கியது. நைலான் கயிறு வந்ததும் அந்தக் கிராக்கி விழுந்தது. 1966-ல் ஆலைகள் மூடப்பட்டன. செடி மட்டும் இன்றும் களையாக நிற்கிறது. அதை நடுவதற்காக உச்சியில் இருந்த மேகக்காட்டையும் அழித்திருந்தார்கள். பனிமூட்டத்தைப் பிடித்துத் தீவுக்குத் தண்ணீர் தந்த காடு அது. இப்போது களையை அகற்றி அந்தக் காட்டை மீட்கப் பாடுபடுகிறார்கள்.

இரண்டு முறையும் முடிவு எடுத்தவர்கள் வெளியூர்க்காரர்கள். சுற்றுலாவும் அப்படித்தான். 2020-ல் கொரோனா வந்தபோது வழக்கமான விமானம் நின்றது. 2022-ல்தான் திரும்பி வந்தது.

அதற்காக, தீவு பழையபடி தனித்தே கிடக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. தனிமையின் விலை பெரிது. வேலை தேடி இளைஞர்கள் வெளியேற, வயதானவர்களே மிஞ்சும் ஊரில் யார் மண்வெட்டி பிடிப்பது? விமானம் வேண்டும். ஆனால், வரும் பணம் தீவின் வயலுக்குள் இறங்க வேண்டும்.

தீவில் சாப்பிடும் உணவில் பெரும்பகுதி இன்றும் கப்பலில்தான் வருகிறது. விடுதிகள் கூடினால் அந்த இறக்குமதியும் கூடும். விடுதிக்கான உருளைக்கிழங்கையும் கீரையையும் முட்டையையும் உள்ளூர் விவசாயியிடம் வாங்க முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டால் கதை வேறு. ஏமனிலிருந்து 1733-ல் கொண்டுவந்த காபி இங்கே இன்னும் விளைகிறது. கொஞ்சமாக விளைந்தாலும் நல்ல விலை கிடைக்கிறது. விருந்தாளி குடித்துப் பார்த்து வாங்கிப் போக அதைவிட நல்ல பொருள் வேண்டுமா?

இன்னொன்று, நோய்த் தடுப்பு. 1502-ல் தீவைக் கண்ட போர்ச்சுகீசியர் விட்டுப்போன ஆடுகள் பெருகி, காட்டை மேய்ந்தே அழித்தன. முதல் விருந்தாளி தந்த பாடம் அது. தேனீக்களைக் கொல்லும் வரோவா உண்ணி இன்னும் இங்கே நுழையவில்லை. அதனால்தான் பயணிகள் தேன் கொண்டுவரக் கூடாது என்கிறார்கள். ஐந்து நாள் கப்பலில் அழுகித் தூக்கியெறியப்படும் பழம், விமானத்தில் சில மணி நேரத்தில் பூச்சியோடு உயிரோடு வந்து இறங்கும். பயணிகள் கூடக் கூட சோதனையும் கூட வேண்டும்.

மூன்றாவது, தண்ணீர். மழை பொய்த்த ஆண்டுகளில் தீவில் தண்ணீருக்குத் திண்டாட்டம். அப்போது விடுதிக் குளியலறைக்கா, காய்கறிப் பாத்திக்கா என்ற கேள்வி எழும். அதற்கான விதியை இப்போதே எழுதிவைப்பது நல்லது.

வெளியாட்கள் வருவதால் மட்டும் ஓர் ஊரின் குணம் மாறிவிடாது. ஊரார் கையைவிட்டு நிலம் போகும்போதுதான் மாறும். நிலத்தை விற்றுவிட்டு அதில் எழும் விடுதியில் வேலைக்குச் சேர்வது ஒன்று. நிலத்தை வைத்துக்கொண்டு அந்த விடுதிக்குக் காய்கறி விற்பது வேறு. எந்த ஊர் விவசாயிக்கும் இந்த வித்தியாசம் தெரியும்.