லாயத்துக் குதிரை

"கதை எழுதுகிற உமக்குக் காரைப் பற்றி என்ன ஐயா பேச்சு?" என்று கேட்டார் நண்பர். நியாயமான கேள்விதான். எனக்குக் கார் கிடையாது, ஓட்டவும் தெரியாது. ஆனால் ஒரு பொருளை வைத்திருப்பது என்றால் என்ன என்று பேச, லைசென்ஸ் வேண்டியதில்லை அல்லவா?

நண்பர் அமெரிக்காவிலுள்ள மகனைப் பார்த்துவிட்டு வந்தவர். அங்கே பக்கத்து வீட்டுக் கொட்டகையில் 1969-ம் வருஷத்து டாட்ஜ் சார்ஜர் ஒன்றைப் பார்த்தாராம். போர்வையை விலக்கியதும் கண்ணாடி போல் மின்னியதாம். "எப்போது ஓட்டுவீர்கள்?" என்று இவர் கேட்க, சொந்தக்காரர் பதறிப்போய், "ஓட்டுவதா! விலை குறைந்துவிடுமே!" என்றாராம். "பொருளைப் பேணத் தெரிந்தவர்கள்!" என்று நண்பர் புகழ்ந்தார். எனக்குக் கோபம் வந்தது.

'மஸில் கார்' என்கிற இந்த ஜாதி எப்படிப் பிறந்தது? 1964-ல் பான்டியாக் கம்பெனி, நடுத்தர அளவுள்ள டெம்பெஸ்ட் வண்டிக்குள் 389 கன அங்குல எஞ்சினைத் தூக்கி வைத்து, ஜி.டி.ஓ. என்று பெயரிட்டது. பெரிய எஞ்சின், அடக்கமான உடல், எட்டுகிற விலை, சூத்திரம் அவ்வளவுதான். அதே வருஷம் ஏப்ரலில் வந்த ஃபோர்டு மஸ்டாங்கின் ஆரம்ப விலை 2,368 டாலர். வாங்கியவர்கள் பிரபுக்கள் அல்ல, சம்பளக்காரர்கள், வாலிபர்கள். பிறகு இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறியது. புகைச் சட்டங்கள் வந்தன. 1973-ல் எண்ணெய்த் தட்டுப்பாடும் வந்தது. ஆட்டம் ஓய்ந்தது.

அப்புறம் வந்தார்கள் ஏலக்காரர்கள்! எஞ்சினில் பொறித்த எண்ணும் சட்டத்தில் பொறித்த எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். ஜாதகப் பொருத்தம் அத்தனையும் பார்த்துக் கல்யாணம் செய்துவிட்டு, குடித்தனம் மட்டும் நடத்துவதில்லை.

இது பேணுவதும் அல்ல. நிற்கும் வண்டி மெல்லச் சாகிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகிறது. ரப்பர் காய்ந்து வெடிக்கிறது. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. நின்ற இடத்திலேயே டயர் தட்டையாகிறது. மஸ்டாங் என்றால் அமெரிக்கப் புல்வெளியில் திரியும் காட்டுக் குதிரை. அதை லாயத்தில் கட்டி, உடம்பைத் தேய்த்து மினுக்கிக்கொண்டே இருந்தால் போதுமா?

'புல்லிட்' என்ற 1968-ம் வருஷத்துப் படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய பச்சை மஸ்டாங், 1974-ல் 6,000 டாலருக்கு ஒரு குடும்பத்தின் கைக்கு வந்தது. வீட்டு அம்மாள் பள்ளி ஆசிரியை. அதிலேயே வேலைக்குப் போய் வந்தாள். 1977-ல் மெக்வீனே வண்டியைத் திரும்பக் கேட்டுக் கடிதம் எழுதினார். அவர்கள் கொடுக்கவில்லை. 1980-ல் கிளட்ச் கெட்டது. அதற்கப்புறம் அந்தக் குதிரையும் நெடுங்காலம் லாயத்தில் நின்றது என்பதை நான் மறைக்கவில்லை. பிற்பாடு மகன் அதை மீட்டெடுத்து, 2018-ல் உலகுக்குக் காட்டினார். 2020 ஜனவரியில் ஏலக் கட்டணம் சேர்த்து 37 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. மெருகு ஏற்றியா விற்றார்கள்? இல்லை; படப்பிடிப்பின் அடையாளங்களும் பழைய வடுக்களும் அப்படியே இருந்தன. ஏலக்காரர்களே, சினிமாப் புகழுக்குப் பாதி விலை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீதி, வாழ்ந்த வாழ்க்கைக்கு அல்லவா?

"ஓட்டினால் தேயுமே!" என்பீர்கள். தேயட்டும். அந்தக் கால மஸ்டாங்குக்கு முழுக் கூடே இன்று புதிதாகச் செய்து விற்கிறார்கள். "பெட்ரோல் குடிக்குமே, புகை கக்குமே!" என்பீர்கள். அது மெய்யான குற்றச்சாட்டு. தினமும் ஓட்டச் சொல்ல மாட்டேன். ஆனால் விலைக்குப் பயந்து பூட்டி வைப்பவர், காற்றைக் காக்கிறேன் என்று பெருமை கொண்டாட வேண்டாம்.

இவ்வளவும் கேட்ட நண்பர், "அந்த அமெரிக்கருக்கு எழுதட்டுமா?" என்றார்.

"தாராளமாக எழுதும். ஞாயிற்றுக்கிழமை மனைவியை ஏற்றிக்கொண்டு பத்து மைல் போய்வரச் சொல்லும். திரும்பி வரும்போது வண்டியின் விலை கொஞ்சம் குறைந்திருக்கும், வண்டி அவருடையதாகியிருக்கும்."